டவுனிங் வீதி வரை போன கல்முனைக் கதிரை: தெரியுமா இந்தக் கதை?

இலண்டன் டவுனிங் வீதியில் 10ஆம் இலக்க வீடு யாருடையது? பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும், பிரித்தானியப் பிரதமருடையது. சரி, அதற்குப் பக்கத்தில் 9ஆம் இலக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? பிரிவி கவுன்சில் நீதிக்குழு! பிரித்தானியப் பேரரசின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வரும் மேன்முறையீடுகளைக் கேட்ட கடைசி நீதிமன்று. 1967ஆம் ஆண்டு அந்த மன்றில் பெரிய பெரிய நீதிபதிகள் கூடியிருந்து தீர்த்த கேள்விகளில் ஒன்று இது: கல்முனைத் தொகுதி எம்.பி. இன்னும் எம்.பி.தானா, அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?

நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறதா? பேரைச் சொன்னால் நம்புவீர்கள். எம்.எஸ். காரியப்பர். "எங்கட கேற் முதலியாரா?" என்று கேட்பீர்கள். அவரேதான்!

சட்டக் கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அரசியலமைப்புச் சட்டப் பாடத்தில் 'காரியப்பர் எதிர் விஜேசிங்க' என்ற வழக்கைத் தெரியாதவர் இருக்க முடியாது. இலங்கையில் மட்டுமா? பாராளுமன்றம் எங்கே நிற்க வேண்டும், நீதிமன்று எங்கே தொடங்க வேண்டும் என்று பொதுநலவாய நாடுகளில் வாதிட்ட வழக்கறிஞர்கள் புரட்டிய தீர்ப்பு அது. அந்தப் பேருக்குரியவரின் ஊர்தான், பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை என்று வீட்டுக்கு வீடு ஒட்டிக் கிடக்கிற இந்தக் கரை.

முதலில் ஆளைப் பார்ப்போம். 1899இல் பிறந்தவர். 'கேற் முதலியார்' என்பது பிரித்தானியர் காலத்துக் கௌரவப் பட்டம். பட்டம் பேரோடு ஒட்டிக்கொண்டது, கடைசிவரை போகவில்லை. 1947இல் நாட்டின் முதலாவது பாராளுமன்றத் தேர்தல். மக்கள் தெரிந்தெடுத்த 95 பேரில் கல்முனைக்காரர் காரியப்பர், ஐக்கிய தேசியக் கட்சி. அதாவது 1948 பெப்ரவரி 4ஆம் திகதி நாடு சுதந்திரமடைந்தபோது இந்தக் கரையின் பேரில் சபையில் இருந்தவர் அவர். அடுத்த வருடமே, 1949இல், கல்முனை ஸாஹிராக் கல்லூரி பிறக்கிறது. அதன் ஸ்தாபகர் என்று இன்றும் கல்லூரியில் சொல்லப்படுகிற பேர் அவருடையது. இந்தப் பக்கத்து டாக்டர்கள், என்ஜினியர்கள், நீதிபதிகள் எத்தனை பேர் அந்தப் படலைக்குள்ளால் போனவர்கள் என்று எண்ணத் தொடங்கினால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும்.

1952இல் தோல்வி! ஏ.எம். மேர்சா வென்றார். காரியப்பர் வீட்டில் இருந்தாரா? இல்லை. 1956இல் திரும்பி வருகிறார், ஆனால் எந்தக் கட்சியில் தெரியுமா? செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சியில்! அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது 10 ஆசனம். அந்தப் பத்தில் இரண்டு, அதுவும் முஸ்லிம் எம்.பி.க்கள் இரண்டு, இந்தக் கரையிலிருந்து போனவை. கல்முனையில் காரியப்பர், பொத்துவிலில் நிந்தவூர் எம்.எம். முஸ்தபா. தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடம் அது. அந்தக் காலத்து அரசியலை இன்றைய கண்ணாடி போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றே போதும் தலை சுற்ற.

சுற்றட்டும், இன்னும் இருக்கிறது. இரண்டு பேருமே பிறகு ஆளும் தரப்புக்குப் போய்விட்டார்கள். அப்படிப் போன முஸ்தபா என்ன ஆனார் தெரியுமா? தஹநாயக்க பிரதமராக இருந்த கொஞ்ச காலத்தில், 1959 கடைசியிலிருந்து 1960 மார்ச் தேர்தல்வரை, இலங்கையின் நிதியமைச்சர்! நாட்டின் முதலாவது முஸ்லிம் நிதியமைச்சர் கொழும்பிலிருந்தோ பேருவளையிலிருந்தோ காலியிலிருந்தோ வரவில்லை, நிந்தவூரிலிருந்து வந்தார். மாதக் கணக்கில்தான் இருந்தார் என்று யாராவது இழுத்தால், நாட்டின் கஜானாச் சாவி நிந்தவூர்க்காரர் கையில் இருந்தது என்பதை எந்தக் கணக்கும் மாற்றாது என்று சொல்லுங்கள்.

கட்சி மாறுவது எங்கள் ஊர் வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய் வருவோம். ஸ்ட்ரோம் தர்மண்ட் என்று ஒரு செனட்டர், தென் கரோலினாக்காரர். காரியப்பரை விட மூன்று வயது இளையவர், 1902இல் பிறந்தவர். ஜனநாயகக் கட்சியில் இருந்தார். 1948இல் அந்தக் கட்சியோடு முறைத்துக்கொண்டு தனிக் கட்சியில் ஜனாதிபதித் தேர்தலுக்கே நின்றார். 1954இல் வாக்குச் சீட்டில் பேரே இல்லாமல், வாக்காளர் தங்கள் கையால் அவர் பேரை எழுதிப் போட்டு, செனட்டராக வென்றார்! 1964இல் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். 1957இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமைச் சட்டமூலத்தை மறிக்க எழுந்து நின்று ஒரே மூச்சில் 24 மணித்தியாலம் 18 நிமிடம் பேசினார். சட்டம் நிறைவேறியே விட்டது; அத்தனை பேச்சும் வீண். பேசிய காரியமும் கேடு, அது வேறு விஷயம். 2025இல் கோரி புக்கர் என்ற கறுப்பின செனட்டர் 25 மணித்தியாலம் 5 நிமிடம் பேசித்தான் அந்தச் சாதனையை உடைத்தார். காலம் எப்படிக் கணக்குத் தீர்க்கிறது பாருங்கள்!

தர்மண்ட் 100 வயது நிறைந்த பிறகும் செனட்டராகவே இருந்தார், தெரியுமா? 2003 ஜனவரியில்தான் கதிரையை விட்டார். அதே வருடம் ஜூனில் மௌத்தானார். அவரையும் மிஞ்சியவர் மேற்கு வேர்ஜினியாவின் ரொபர்ட் பேர்ட். 1959இலிருந்து 2010இல் சாகும்வரை 51 வருடம் செனட்டர். ஒரு தவணை 6 வருடம், எத்தனை தவணை என்றாலும் வரலாம், அதுதான் அங்கே விதி.

செனட் எங்களுக்கும் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? முப்பது பேர் சபை. பதினைந்து பேரை மக்கள் பிரதிநிதிகள் சபை தெரிந்தெடுத்தது, பதினைந்து பேரைப் பிரதமரின் ஆலோசனையில் மகாதேசாதிபதி நியமித்தார். அமெரிக்காவைப் போலவே 6 வருடத் தவணை, இரண்டு வருடத்துக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும். சபை கூடிய கட்டடம் கொழும்பு கோட்டையில் இன்னும் நிற்கிறது. இன்றைக்கு அது வெளிநாட்டமைச்சு.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உலகத்தின் முதலாவது பெண் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க என்பது எல்லோருக்கும் தெரியும். 1960 ஜூலை 21ஆம் திகதி பிரதமரானபோது அவர் எந்தத் தொகுதி எம்.பி. தெரியுமா? எந்தத் தொகுதியும் இல்லை! செனட்டர்கூட இல்லை; பிரதமரான பிறகுதான் செனட்டராக நியமிக்கப்பட்டார். ஒரு வாக்காளரும் அவருக்குப் புள்ளடி போடவில்லை. செனட் கதிரையில் இருந்துகொண்டுதான் பிரதமராக ஆண்டார். அதே அம்மையாரின் அடுத்த ஆட்சிதான் 1971 ஒக்டோபர் 2ஆம் திகதி செனட்டையே இல்லாமல் செய்தது. ஏறி நின்ற ஏணியை உதைக்கிறது என்று இதைத்தான் சொல்வார்களோ!

அந்த முப்பது கதிரைகளில் ஒன்றில் மருதமுனைக்காரர் ஒருவர் இருந்தார். மசூர் மௌலானா, தமிழரசுக் கட்சி. சபை 1971இல் போய்விட்டது, பட்டம் போகவில்லை. அவர் பின்னாளில் கல்முனை மாநகர மேயராக வந்தபோதுகூட ஊர் வாயில் 'செனட்டர் மசூர் மௌலானா'தான். இல்லாத சபைக்கு இத்தனை வருடம் உறுப்பினராக இருந்த ஆள் வேறு எங்கே கிடைப்பார்!

திரும்பவும் காரியப்பருக்கு வருவோம். இனித்தான் கதை சூடு.

1960 ஜூலையில் கல்முனையில் வென்றது எம்.சி. அகமது, தமிழரசுக் கட்சி. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிகிறது. 1965இல் காரியப்பர் சுயேச்சையாக நின்று மறுபடியும் வெல்கிறார். கவனித்தீர்களா? மட்டக்களப்பு மாவட்டத்து எம்.பி.யாகத் தொடங்கியவர், தொகுதி மாறாமலே, அம்பாறை மாவட்டத்து எம்.பி. ஆகிவிட்டார். ஐக்கிய தேசியக் கட்சி, தமிழரசு, ஆளும் தரப்பு, சுயேச்சை. நான்கு நிறம், ஒரே தொகுதி. கட்சியைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்தே வாக்குப் போட்ட ஊர் என்று துணிந்து சொல்லலாம்.

ஆனால் பின்னால் ஒரு பழைய கோப்பு துரத்திக்கொண்டிருந்தது. 1959 செப்டெம்பர் 11ஆம் திகதி, பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க காலத்தில், மக்கள் பிரதிநிதிகளின் இலஞ்ச ஊழலை விசாரிக்க ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தல்கொடபிட்டிய ஆணைக்குழு. திகதியைப் பாருங்கள்! சரியாக இரண்டு கிழமையில், செப்டெம்பர் 25இல், பண்டாரநாயக்க சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். ஆணைக்குழு நிற்கவில்லை. அதன் அறிக்கையில், குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டதாகக் கண்டவர்களின் பட்டியலில் காரியப்பரும் இருந்தார்.

அறிக்கை வந்து வருடங்கள் ஓடின. 1965இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம். அந்தப் பட்டியலை எடுத்து ஒரு சட்டமே செய்தார்கள். 1965ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், குடியியல் தகுதியின்மை விதிக்கும் விசேட சட்டம். ஆணைக்குழு குற்றம் கண்டவர்கள் 7 வருடத்துக்கு வாக்களிக்கவும் முடியாது, தேர்தலில் நிற்கவும் முடியாது. சபையில் இருந்தால் கதிரை வெறுமையாகிவிடும். நவம்பர் 16இல் சட்டமாகிறது. அப்போது காரியப்பருக்கு வயது 66. தேர்தலில் வென்று ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இன்னொருவராக இருந்தால் வீட்டுத் திண்ணையில் குந்தியிருப்பார். காரியப்பர் நேரே உயர் நீதிமன்றுக்குப் போனார். யாருக்கு எதிராக? பிரதமருக்கு எதிராகவா? சபாநாயகருக்கு எதிராகவா? இல்லை! மக்கள் பிரதிநிதிகள் சபையின் செயலாளர் சாம் விஜேசிங்கவுக்கு எதிராக. உறுப்பினர் பட்டியலை வைத்திருப்பதும் சம்பளத்தைக் கொடுப்பிப்பதும் அவர் அலுவலகம் அல்லவா? "என்னை உறுப்பினர் என்று ஏற்றுக்கொள், எனக்குரிய வேதனத்தைக் கொடு" என்று கட்டளையிடும் மண்டாமஸ் எழுத்தாணை கேட்டார். வெளியில் பார்த்தால் சம்பள வழக்கு. உள்ளே போனால், பாராளுமன்றத்தின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக் கேட்ட கேள்வி: ஒருவனைத் தண்டிப்பது நீதிமன்றின் வேலை, அதை நீ எப்படிச் சட்டம் போட்டுச் செய்வாய்?

நல்ல கேள்வி, ஐயமில்லை. அதுவும் வந்த நேரத்தைப் பாருங்கள். காரியப்பரின் கதிரையைப் பறித்த சட்டம் வந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை, 1965 டிசம்பர் 2இல் அதே பிரிவி கவுன்சில் இன்னொரு இலங்கைச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது! 1962 இராணுவச் சதி முயற்சி வழக்கு, லியனகே வழக்கு. சதிகாரரைக் குறிவைத்துப் பின்னோக்கிப் பாயும் சட்டம் செய்தது செல்லாது, அது நீதித்துறையின் அதிகாரத்தைப் பறிப்பது என்று சொன்ன தீர்ப்பு. காரியப்பர் பக்கத்து வாதத்துக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்குமா?

கிடைத்தும் என்ன! கொழும்பில் தோல்வி. மேன்முறையீடு இலண்டனுக்கு. 1967இல் அங்கேயும் தோல்வி. தீர்ப்பை எழுதி வாசித்தவர் யார் தெரியுமா? சேர் டக்ளஸ் மென்சீஸ். அவுஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்ற நீதிபதி, அந்நாட்டின் பிரதமராக நீண்டகாலம் இருந்த ரொபர்ட் மென்சீஸின் உறவினர். கல்முனை எம்.பி.யின் கதிரையை, டவுனிங் வீதியில் இருந்துகொண்டு, அவுஸ்திரேலியர் ஒருவர் தீர்த்தார்!

என்ன சொன்னார்கள்? சுருக்கம் இது. பாராளுமன்றம் இங்கே யாரையும் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. குற்றம் கண்டது ஆணைக்குழு. பொது வாழ்வு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சிலரைப் பதவியிலிருந்து விலக்கி வைப்பது தண்டனை ஆகாது, அது சட்டமியற்றும் வேலைதான். அதற்கு மேலே ஒரு சுழி. இந்தச் சட்டம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன், சபாநாயகரின் சான்றிதழுடன் நிறைவேறியது. அப்படியானால் அரசியலமைப்போடு முரண்பட்டாலும், "அரசியலமைப்பைத் திருத்துகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அது அரசியலமைப்பைத் திருத்தியதாகவே கொள்ளப்படும்!

இந்தக் கடைசி வரியின் கனத்தை யோசித்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு கையில் இருந்தால் ஓர் அரசாங்கம் என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு வாசல் அது. பிறகு இந்த நாட்டில் மூன்றில் இரண்டு என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரியும். அதை முதலில் அனுபவித்தவர்களில் ஒருவர் கல்முனைக்காரர்.

காரியப்பர் இலஞ்சக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர், அதை மறைத்து எழுதுவது அவருக்கும் மரியாதை இல்லை, ஊருக்கும் மரியாதை இல்லை. ஆணைக்குழு ஒன்று விசாரித்துக் கண்டது. அதைப் பொய் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் ஓர் ஆணைக்குழு அறிக்கையை வைத்துக்கொண்டு, நீதிமன்றில் வழக்கு நடத்தாமல், பேர் சொல்லிச் சட்டம் போட்டு ஒருவரின் வாக்குரிமையைப் பறிக்கலாமா என்ற கேள்வி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. என்னைக் கேட்டால் கொழும்பும் இலண்டனும் தவறாகத் தீர்த்தன என்றே சொல்வேன். படிக்கிற பிள்ளைகள் மாறாகச் சொல்லலாம். சொல்லட்டும், அதற்குத்தானே வழக்கு.

1968இல் இடைத்தேர்தல். எம்.சி. அகமது மீண்டும் கல்முனை எம்.பி. 1970இல் மறுபடியும் அவரே. பிரிவி கவுன்சிலுக்கு இலங்கையிலிருந்து போகும் பாதையே 1971இல் அடைக்கப்பட்டுவிட்டது. செனட்டும் அதே வருடம் போனது. ஒரே வருடத்தில் இரண்டு!

ஒரே தேர்தலில் வென்று 11 வருடத்துக்கு மேல் எம்.பி.யாக இருந்தவரைத் தெரியுமா? அவரும் கல்முனைதான். ஏ.ஆர். மன்சூர். 1977இல் வென்றார். அடுத்த பொதுத் தேர்தல் எப்போது? 1989 பெப்ரவரியில்! நடுவில் 1982 டிசம்பர் 22இல் ஜே.ஆர். ஜயவர்தன சர்வசன வாக்கெடுப்பு வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்டார். அமெரிக்க செனட்டருக்கே ஆறு வருடத்துக்கொருமுறை வாக்காளர் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் எம்.பி.க்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. மன்சூர் பிறகு பிரேமதாச காலத்தில் வர்த்தக அமைச்சராகி 1994வரை இருந்தார்.

ஆள் சும்மா கிடைத்த கதிரையில் இருந்தார் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பதினொரு வருடத்துக்குள் ஊரின் அரசியலே தலைகீழாகிக்கொண்டிருந்தது. சம்மாந்துறையில் பிறந்து, கல்முனை உவெஸ்லியில் படித்து, சட்டத்தரணியான ஓர் இளைஞர் மேடை மேடையாக ஏறிக்கொண்டிருந்தார். எம்.எச்.எம். அஷ்ரஃப். 1980களின் தொடக்கத்தில் காத்தான்குடியில் முளைத்த முஸ்லிம் காங்கிரஸை 1986இல் முழுமையான அரசியல் கட்சியாக்கி, தலைமையை எடுத்தார்.

அஷ்ரஃபைப் பற்றி எல்லோரும் ஒலுவில் பல்கலைக்கழகம், துறைமுகம் என்று சொல்வார்கள். உண்மைதான், கப்பல், துறைமுகங்கள் அமைச்சராக இருந்த காலத்தில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. நான் சொல்ல வருவது வேறு. விகிதாசாரத் தேர்தலில் ஒரு மாவட்டத்தில் 12.5 வீதம் எடுக்காத கட்சி வெளியே போ என்று இருந்த விதி, 5 வீதமாக எப்போது இறங்கியது தெரியுமா? 1988இல்! ஜனாதிபதித் தேர்தலில் முஸ்லிம் வாக்கு தேவைப்பட்ட பிரேமதாசவிடம் அஷ்ரஃப் பேரம் பேசி வாங்கியது. 15ஆவது திருத்தம். 1989இல் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனத்தோடு சபைக்குள் போனது. அன்றிலிருந்து இன்றுவரை மாவட்ட ஆசனம் எடுக்கும் சிறு கட்சி எதுவும், எந்த இனமாக இருந்தாலும், எந்த மாகாணமாக இருந்தாலும், அந்த 5 வீத வாசலால்தான் உள்ளே போகிறது. காரியப்பருக்கு மூன்றில் இரண்டு வாசலை மூடியது, அஷ்ரஃப் 12.5ஐ உடைத்து வாசல் திறந்தார்.

அவர் கவிஞரும்கூட. 'நான் எனும் நீ' அவருடைய கவிதைத் தொகுதி. 2000 செப்டெம்பர் 16இல், தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, அரநாயக்கப் பக்கம் ஹெலிகொப்டர் விழுந்து மௌத்தானார். வயது 51. அவருக்குப் பின்னால் வந்த பேரியல் அஷ்ரஃப் நாட்டின் முதலாவது முஸ்லிம் பெண் அமைச்சரானார்.

அமெரிக்காவில் செனட்டர்களின் பேரில் பாலங்கள், நெடுஞ்சாலைகள், நூலகங்கள் இருக்கின்றன. பேச்சையும் கடிதத்தையும் பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கிறார்கள். காரியப்பர் வழக்கின் தீர்ப்பை வாசிக்க இலண்டன் போகத் தேவையில்லை, இணையத்திலேயே கிடைக்கிறது. கல்முனையில், சாய்ந்தமருதில், நிந்தவூரில் சட்டம் படிக்கிற தம்பிமார், தங்கச்சிமாரே, உங்களில் யாராவது அதைத் தமிழில் பெயர்த்து, அச்சடித்து, ஊர் நூலகத்தில் ஒரு பிரதியும் ஸாஹிராவில் ஒரு பிரதியும் வையுங்கள்.